சோற்றோடு போன சொல்
(கப்பலேறிய சொற்கள் – 11)

1583-இல் கோவாவில் வந்து இறங்கியபோது யான் ஹ்யூகன் வான் லின்ஸ்கோட்டனுக்கு இருபது வயது. டச்சுக்காரர். போர்த்துகீசியப் பேராயரிடம் எழுத்தர் வேலை. அங்கே இருந்த ஐந்து ஆண்டுகளில் கண்ணில் பட்டதையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டார். மிளகு என்ன விலை, எந்தக் காற்றில் எந்தக் கப்பல் புறப்படும், கோவாவின் பெரிய வீடுகளில் பெண்கள் எப்படிப் பொழுதுபோக்குகிறார்கள் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஊர் திரும்பி 1596-இல் அதை நூலாக்கினார். போர்த்துகீசியர் பொத்திப் பொத்தி வைத்திருந்த கடல்வழியை டச்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் காட்டிக்கொடுத்த நூல் அது. வரலாற்று ஆசிரியர்கள் அந்தக் கடல்வழிக்காகத்தான் அவரைப் படிக்கிறார்கள். நாம் சாப்பாட்டுப் பக்கத்தைப் புரட்டுவோம்.

இங்குள்ளவர்கள் மீனைக் குழம்பாகக் காய்ச்சிச் சோற்றின்மேல் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள், பழுக்காத திராட்சையைப் போட்டு வேகவைத்தது மாதிரி கொஞ்சம் புளிக்கிறது, ஆனாலும் சுவையாக இருக்கிறது, தினசரி இவர்களுக்கு இதுதான் சாப்பாடு என்று எழுதுகிறார். அதற்குப் பெயர் 'கரியேல்' என்கிறார்.

புளிப்பு தூக்கலான மீன்குழம்பு. மதுரைக்கோ நாகர்கோவிலுக்கோ வந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பார். 1598-இல் நூல் ஆங்கிலமானது. 'கறி' என்ற சொல் ஆங்கிலத்தில் அச்சேறிய மிகப் பழைய இடங்களில் அந்தப் பக்கம் ஒன்று. அவர் சொன்னதில் 'சோற்றின்மேல் ஊற்றி' என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல் ஊர் ஊராகப் போனபோது அதிகம் தொலைந்தது அந்தச் சோறுதான்.

கடலேறுவதற்கு முன்னால், சொல் சொந்த ஊரில் எப்படி இருந்தது என்று பார்த்துவிடலாம்.

'இன்னைக்கு என்ன கறி?' என்று மயிலாப்பூரில் ஒரு வீட்டில் கேட்டால் வாழைக்காய் என்றோ சேப்பங்கிழங்கு என்றோ பதில் வரும். மதுரையில் கேட்டால் ஆடா கோழியா என்பதில் பேச்சு தொடங்கும். அங்கே ஞாயிற்றுக்கிழமை 'கறி எடுக்க' பையோடு போகிறவர் காய்கறிக் கடைக்குப் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் மீன்கறி, பருப்புக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி என்று எல்லாமே கறி. காய்களுக்கே அங்கே மரக்கறி என்று பெயர். வைணவர் வீட்டில் பொரியல் கறியமுது ஆகும், ரசம் சாற்றமுது ஆகும். மலையாளிக்குக் கறி என்றால் சோற்றில் ஊற்றிப் பிசைவதும் சேர்த்தி. ஒரே சொல் தெருவுக்குத் தெரு வேறு பொருள் தருகிறது. ஆனால் இந்த எல்லா வீட்டிலும் சோறு முதலில் இலையில் விழுந்தாக வேண்டும். அதற்குத் துணையாக எது வந்தாலும் அது கறி.

சங்க காலத்தில் இதே சொல்லுக்கு மிளகு என்று பொருள். முசிறிக்கு வந்த யவனக் கப்பல்கள் பொன்னை இறக்கிவிட்டு எதை ஏற்றிக்கொண்டு போயின என்று அகநானூற்றுப் புலவர் சொல்லும்போது அவர் போடும் சொல் கறி. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் குவிந்துகிடந்த மூட்டைகளிலும் கறிதான், அதாவது கருமிளகு. இந்தப் பட்டினப்பாலையைப் பாடிய உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையையும் பாடியிருக்கிறார். அதில் காஞ்சிக்குப் போகும் வழியில் பாணனுக்கு அந்தணர் வீட்டில் ஒரு விருந்து கிடைக்கிறது. மாதுளம்பிஞ்சைப் பிளந்து, பசுவின் வெண்ணெயில் வதக்கி, மிளகு சேர்த்து, கறிவேப்பிலைக் கொழுந்தைக் கலந்து சோற்றோடு வைக்கிறார்கள். பக்கத்தில் மாவடு. தமிழில் இவ்வளவு விவரமாகக் கிடைக்கும் பழைய சமையல் குறிப்புகள் மிகக் குறைவு. அந்த வரியில் கறி என்றால் மிளகு, கஞ்சகம் என்றால் கறிவேப்பிலை. இன்று அதே பதார்த்தத்தை யாராவது செய்தால் மொத்தத்துக்கும் 'மாதுளம்பிஞ்சுக் கறி' என்றுதான் பெயர் வைப்பார்கள். மேலே தூவிய பொருளின் பெயர் பதார்த்தத்துக்கே ஏறிவிட்டது.

மிளகுக்கு மிரியல் என்றும் ஒரு பெயர் இருந்தது. தெலுங்கர் இன்றும் மிரியாலு என்கிறார்கள். காலப்போக்கில் மிளகு என்ற சொல் நிலைத்து, கறி அந்த வேலையிலிருந்து விடுபட்டது. ஆனால் கறிக்கு இன்னொரு பழைய பொருளும் உண்டு. கறித்தல் என்றால் கடித்தல், மெல்லுதல். ஆடு தழையைக் கறிக்கும். திராவிட மொழிகளுக்கு வேர்ச்சொல் அகராதி தொகுத்த பர்ரோவும் எமனோவும் மெல்லுதல், காய், இறைச்சி, மிளகு எல்லாவற்றையும் ஒரே பதிவில்தான் வைத்திருக்கிறார்கள். அடுப்புக்கரியின் 'கரி' இதற்குச் சம்பந்தமில்லாத வேறு சொல். தணலில் கருக்கிய இறைச்சியிலிருந்துதான் பெயர் வந்தது என்று ஒரு விளக்கம் அவ்வப்போது சுற்றிவருகிறது. இடையின ரகரத்தையும் வல்லின றகரத்தையும் ஆங்கில எழுத்தில் ஒன்றாக்கிப் படிப்பவர்களுக்குத்தான் அது பிடிபடும்.

இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என்னை அதிகம் நிறுத்திவைத்தது அம்பாசமுத்திரத்துக் கல்வெட்டு. 9ஆம் நூற்றாண்டு, வரகுண பாண்டியன் காலம். கோயிலில் நாள்தோறும் இறைவனுக்குப் படைக்க வேண்டிய அமுதுக்கு அரிசி, நெய், தயிர், வாழைப்பழம் என்று கணக்கு எழுதிக்கொண்டே வருகிறவர் கறிகளைப் பிரித்துச் சொல்கிறார்: காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி. புளி விட்டது, வேகவைத்தது, பொரித்தது எல்லாம் தனித்தனி. அப்புறம் 'காயம்' என்று தனியாக ஒரு தலைப்பு. அதன்கீழ் மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தமல்லி.

இந்த ஐந்தையும் அரைத்துத் தகர டப்பாவில் அடைத்தால் ஏறக்குறைய லண்டன் கடையில் விற்கும் 'கறி பவுடர்' வந்துவிடும். ஆனால் கல்வெட்டு எழுதியவருக்குத் தூள் வேறு, கறி வேறு. தூளுக்கு அவர் வைத்த பெயர் காயம். கறி என்றால் சட்டியில் வெந்த காய். ஆயிரம் வருஷம் கழித்து ஆங்கிலேயர் இந்த இரண்டையும் இடம் மாற்றிப்போட்டார்கள். எப்படி மாறியது என்பதுதான் இந்த இதழின் மீதிக் கதை.

போர்த்துகீசியர்தான் முதல் கை. 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கியவர்கள் காதில் இந்தச் சொல் முதலில் மலையாளக் கரையில்தான் விழுந்திருக்க வேண்டும். அங்கேயும் கறி, இங்கேயும் கறி. இது தமிழ்ச்சொல்லா மலையாளச்சொல்லா என்று சண்டை போடுவதில் பயனில்லை, இரண்டும் ஒரு தாய் வீட்டுச் சொத்து. கோவாவில் மருத்துவராயிருந்த கார்சியா த ஓர்த்தா 1563-இல் அங்கேயே அச்சிட்ட மூலிகை நூலில் தென்னையைப் பற்றிப் பேசும்போது, தேங்காய்ப் பாலில் கோழியும் இறைச்சியும் சமைத்து அதைக் 'கரில்' என்கிறார்கள் என்று எழுதினார். கறிக்கு வால் போல ஒரு 'ல்' எப்படி முளைத்தது? போர்த்துகீசிய மொழியில் பீப்பாய்க்குப் பர்ரில், பல பீப்பாய்களுக்குப் பர்ரீஸ். நம் கறியைப் பன்மையில் 'கரீஸ்' என்று சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள், அப்படியானால் ஒருமை 'கரில்' ஆகத்தான் இருக்க வேண்டும் என்று தங்கள் இலக்கணப்படி ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள் என்பது ஒரு விளக்கம். எனக்கு இது ஏற்கத்தக்கதாகவே படுகிறது. லிஸ்பனில் இன்றும் கரில்தான்.

இலங்கையில் மாட்டிக்கொண்ட ராபர்ட் நாக்ஸ் இன்னும் தெளிவாகச் சொன்னார். 1660-இல் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது வருஷம் ஊர்க்காரர்களோடு ஊர்க்காரராக வாழ்ந்து, தப்பி ஓடி, 1681-இல் லண்டனில் நூல் வெளியிட்டவர். காய்களை வேகவைத்து 'போர்த்துகீசியர் சொல்வதுபோல' கறி செய்வார்கள், அது சோற்றோடு சேர்த்து ருசிக்கச் சாப்பிடுவதற்கான ஒன்று என்பது அவர் தரும் விளக்கம். அகராதி எழுதினால்கூட இதைவிடச் சரியாக எழுத முடியாது. இருபது வருஷம் அந்தச் சோற்றைச் சாப்பிட்டவர் அல்லவா.

இந்தியாவையே பார்க்காத ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணியிடம்தான் சொல் முதல்முறை தடம் மாறியது. 1747-இல் லண்டனில் வெளிவந்த அவருடைய சமையல் நூலில் ஆசிரியர் பெயர்கூட இல்லை, 'ஒரு சீமாட்டி' என்று மட்டும் போட்டிருந்தது. நூறு வருஷம் திரும்பத் திரும்ப அச்சான நூல். அதில் இந்திய முறையில் கறி செய்வது எப்படி என்று ஒரு குறிப்பு. இரண்டு கோழி அல்லது முயலைத் துண்டு போடு. மூன்று நான்கு சின்ன வெங்காயம், முப்பது மிளகு எடு. கொத்தமல்லி விதையைச் சுத்தமான இரும்புக் கரண்டியில் அடுப்பின்மேல் வறு. கரண்டி என்று நாகரிகத்துக்காக எழுதுகிறேன். மூலத்தில் இருப்பது கரி அள்ளிப்போடும் மண்வெட்டி. லண்டன் அடுப்படியில் வாணலி இல்லாத குறை. வறுத்ததை இடித்து இறைச்சியில் பிசறித் தண்ணீர் விட்டு வேகவை, கடைசியில் வெண்ணெய் போடு, சாறு கெட்டியாக இருக்க வேண்டும் என்று முடிகிறது. மிளகாய் இல்லை. மஞ்சளும் முதல் பதிப்பில் கிடையாது, பிந்திய பதிப்புகளில்தான் சேர்ந்தது.

இந்தக் குறிப்பில் அரிசியும் உண்டு. ஒரு பெரிய கரண்டி அரிசியை மிளகு, மல்லியோடு சேர்த்துச் சட்டிக்குள் போடச் சொல்கிறார். இலை நிறைய இருந்த சோறு, குழம்பைக் கெட்டியாக்க ஒரு கரண்டியாகக் குழம்புக்குள்ளேயே போய்விட்டது. எதற்குத் துணை என்ற கேள்வியே அங்கு எழவில்லை. கறி தானே ஒரு சாப்பாடாகிவிட்டது.

அடுத்த மாற்றம் கடைத்தெருவில் நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் பணம் சேர்த்து லண்டன் திரும்பியவர்களுக்கு நாக்கு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. ஊரில் சமையல்காரன் இல்லை, அம்மி இல்லை, கறிவேப்பிலை இல்லை. 1784-இல் லண்டன் பிக்காடிலியில் ஸோர்லி என்பவரின் வாசனைத் திரவியக் கடை கறி பவுடருக்குச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தது. சாப்பிட்டால் செரிமானம் ஆகும், ரத்தம் ஓடும், மூளை சுறுசுறுப்படையும், மனித இனமே பெருகும் என்று வாக்குறுதி. நம்மூர்ப் பேருந்து நிலையத்து லேகியக்காரர் இதைவிடக் குறைவாகத்தான் சொல்வார். விளம்பரம் சிரிப்பாக இருந்தாலும் அது செய்த வேலை பெரியது. காயம் என்று கல்வெட்டு சொன்ன பொருளுக்கு அங்கே கறி என்று பெயர் நிலைத்தது. அப்புறம் அந்தத் தூளை எதில் போட்டாலும் அது கறி. முட்டையில் போட்டால் முட்டைக் கறி, மிச்சமான ஆட்டிறைச்சியில் போட்டால் ஆட்டுக்கறி.

1810-இல் பாட்னாக்காரர் தீன் முகமது லண்டனில் இந்துஸ்தானி காபி ஹவுஸ் என்று ஓர் உணவகம் திறந்து, ஹுக்காவோடு கறி பரிமாறினார். இரண்டே வருஷத்தில் திவால். பிறகு பிரைட்டனுக்குப் போய், எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் 'ஷாம்பூ' குளியல் நடத்தி அரச குடும்பம் வரை பேர் வாங்கினார். அந்த ஷாம்பூவும் கப்பலேறிய சொல்தான், அதற்கு வேறொரு இதழ் வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், லண்டனில் கறி மதிப்பு ஏறியபோது சென்னையில் அது இறங்கிக்கொண்டிருந்தது. மதராஸ் படையின் கர்னல் கென்னி ஹெர்பர்ட், 'வைவர்ன்' என்ற புனைபெயரில் 1878-இல் இங்கேயே ஒரு சமையல் நூல் வெளியிட்டார். பிரெஞ்சுச் சமையல் மோகம் வந்துவிட்டது, பெரிய விருந்துகளில் கறி வைப்பது கௌரவக் குறைச்சலாகிவிட்டது, காலை உணவிலும் மதிய உணவிலும்தான் அதற்கு இடம் என்று வருத்தப்படுகிறார். தூள் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, தேங்காய்ப் பாலும் புளியும் சேர வேண்டும் என்று பக்கம் பக்கமாக வாதாடுகிறார். ஆங்கிலேயர் எழுதிய கறிப் புராணங்களில் இவருடையதைத்தான் நான் மரியாதையோடு படிப்பேன். பக்கத்தில் நின்று பார்த்தவர் எழுத்து அது.

அகராதிக்காரர்கள் அதற்குள் சொல்லின் ஊரைக் கண்டுபிடித்திருந்தார்கள். யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் இதைத் தமிழ்ச்சொல் என்று ஐயமில்லாமல் எழுதியது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து சரஸ்வதி மகால் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். சோறும் கறியும் எப்படிச் சேரும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் போட்டி உரிமையாளர்களுக்குக் குறைவில்லை. இங்கிலாந்தில் இரண்டாம் ரிச்சர்ட் மன்னனின் சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த சுவடிக்குக் 'க்யூரி' என்ற சொல் வரும் தலைப்பு உண்டு. பார்த்தீர்களா, வாஸ்கோடகாமாவுக்கு முன்பே எங்களிடம் கறி இருந்தது என்று அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தக் க்யூரிக்குச் சமையல் என்று பொருள், பிரெஞ்சிலிருந்து வந்தது. வடக்கே சிலர் மோரும் கடலைமாவும் சேர்த்துச் செய்யும் கடியிலிருந்து வந்தது என்பார்கள், வேறு சிலர் கடாயிலிருந்து என்பார்கள். ஓர்த்தாவும் நாக்ஸும் சொல்லைப் பிடித்த இடங்கள் தென்மேற்குக் கரையும் இலங்கையும். அங்கே கடியும் இல்லை, கடாயும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். மதுர் ஜாஃப்ரி 1973-இல் தன் முதல் சமையல் நூலில், கறி என்ற சொல் இந்தியச் சமையலை இழிவுபடுத்துகிறது, சீனச் சமையலைச் சாப்சூயி இழிவுபடுத்துவது போல என்று எழுதினார். எல்லாவற்றுக்கும் ஒரே மஞ்சள் தூளைப் போட்டு ஒரே பெயர் வைத்த ஆங்கிலேயர்மேல் அவருக்கு வந்த கோபம் நியாயமானது. (2003-இல் அவரே கறிக்கென்று தனியாக ஒரு பெரிய நூல் எழுதினார், அது வேறு கதை.) ஆனால் அவருக்குப் பிறகு வந்தவர்கள் ஒரு படி மேலே போய், இந்திய மொழி எதிலும் இப்படி ஒரு சொல்லே கிடையாது, வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று எழுதுகிறார்கள். டெல்லியில் இல்லை என்றால் இந்தியாவிலேயே இல்லை என்று முடிவுகட்டுவது புதிய பழக்கமல்ல. ஞாயிற்றுக்கிழமை காலை மதுரையில் எந்தக் கறிக்கடை வாசலிலாவது நின்று இதைச் சொல்லிப் பார்க்கட்டும். இங்கிலாந்தின் 'கறி ஹவுஸ்'களைக் கட்டி வளர்த்தவர்களில் பெரும்பாலோர் வங்கதேசத்துச் சில்ஹெட் பகுதிக்காரர்கள். வீட்டில் அவர்களுக்கு அது தர்க்காரி. பலகையில் மட்டும் நம்முடைய சொல்லை எழுதி வியாபாரம் செய்தார்கள்.

ஆங்கிலம் போன இடமெல்லாம் சொல்லும் போனது. பெர்லினில் 1949-இல் ஹெர்ட்டா ஹாய்வர் என்ற கடைக்காரப் பெண்மணி வறுத்த தொத்திறைச்சித் துண்டுகளின்மேல் தக்காளிச் சாறும் கறித்தூளும் கொட்டி விற்ற 'கறிவுர்ஸ்ட்' இன்று ஜெர்மானியரின் தெருப் பண்டம். தூள் மட்டுமே கறியாக மிஞ்சிய நிலை அது. ஐரோப்பாவில் கறிச்செடி என்று தொட்டியில் வளர்க்கும் வெள்ளிநிறப் புதருக்கும் நம் கறிவேப்பிலைக்கும் உறவே கிடையாது, வாசனை கொஞ்சம் அந்தத் தூள் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். உண்மையான கறிவேப்பிலையின் தாவரப் பெயரில் இருப்பவர் கோனிக். லின்னேயஸின் மாணவர். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் மருத்துவராக இருந்தவர்.

ஜப்பான் கதையைக் கொஞ்சம் நின்றுதான் சொல்ல வேண்டும். 1860-இல் ஃபுகுசாவா யூகிச்சி ஆங்கிலச் சொற்பட்டியல் ஒன்றை வெளியிட்டபோது அதில் இந்தச் சொல் 'கொருரி' மாதிரி ஒரு ஒலியில் இடம்பெற்றது. அந்தப் பெயரில் என்ன வெந்தது என்று அப்போது அங்கே யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. 1872-இல் வந்த மேலைச் சமையல் கையேடு ஒன்று கறி செய்யச் சொல்லித்தருகிறது: லீக்ஸ் எனும் வெங்காயத்தாள், இஞ்சி, பூண்டு, வெண்ணெய், கோழி, இறால், சிப்பி, கூடவே செந்தவளை. மீஜி காலத்து ஜப்பானியருக்கு அது முழுக்க முழுக்க ஆங்கிலேயர் உணவு, நாகரிகத்தின் அடையாளம். மாவு கரைத்துக் கெட்டியாக்கும் பழக்கமும் அந்த வழியில்தான் போனது. 1908-இல் கடற்படைச் சமையல் கையேட்டில் கறி இடம்பிடித்தது. சிப்பாய்கள் ஊருக்குத் திரும்பியபோது வீட்டுக்கும் வந்தது. இன்றும் ஜப்பானியக் கடற்படைக் கப்பல்களில் வெள்ளிக்கிழமை என்றால் கறி. ஆனால் அவர்கள் ஒன்றைத் தாங்களாகவே சரிசெய்துவிட்டார்கள். சோறு இல்லாமல் அவர்களால் சாப்பிட முடியாது. எனவே தட்டில் பாதி சோறு, பாதி கறி. பெயரும் 'கரே ரைஸு'.

டோக்கியோ ஷின்ஜுகுவில் நாகமுராயா என்ற ரொட்டிக்கடை 1927-இல் உணவகம் திறந்தபோது பட்டியலில் கறியைச் சேர்க்கச் செய்தவர் ராஷ் பிஹாரி போஸ். வைசிராய் மேல் குண்டு வீசிய வழக்கில் தேடப்பட்டு, 1915-இல் ஜப்பானுக்குத் தப்பி, அந்தக் கடைக்காரர் வீட்டில் ஒளிந்திருந்து, அவர்கள் மகளையே மணந்துகொண்டவர். பின்னாளில் இந்தியத் தேசிய ராணுவத்தை நேதாஜியிடம் ஒப்படைத்தவரும் அவரே. ஊரெல்லாம் விற்கும் மாவுக் குழம்பு இந்திய உணவே அல்ல என்பது அவர் வாதம். எலும்போடு கோழி, மசாலா, மாவு கிடையாது. அந்தக் கடை இன்றும் தன் பண்டத்தைக் 'கரே' என்று எழுதுவதில்லை, 'கரீ' என்றுதான் எழுதுகிறது. கறி என்பதே தன் மொழிச் சொல்லாக இல்லாத ஒரு வங்காளி, அதை நம் உச்சரிப்புக்கு ஒரு படி பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார்.

கிழக்கே மலாயில் 'காரி' என்பதும், சைகோனில் 'கா ரி' என்பதும், தாய்லாந்தில் 'கேங் கரி' என்பதும் இருக்கின்றன. மலாயாவுக்கும் சைகோனுக்கும் நம்மவர்கள் நேரிலேயே போயிருக்கிறார்கள். சைகோனில் புதுச்சேரித் தமிழர் தெருக்களே இருந்தன. ஆனால் சொல் ஆங்கிலக் கப்பலில் போகாமல், அதைப் பேசியவர்களோடு கூலிக் கப்பலில் போன இடங்களில்தான் எனக்கு அக்கறை அதிகம்.

ரீயூனியன் தீவில் தினமும் அடுப்பில் ஏறுவது 'காரி'. வெங்காயம், பூண்டு, தக்காளி, மஞ்சள் போட்டு மீனோ கோழியோ வேகவைப்பது. கறித்தூள் அதற்குத் தேவையில்லை. முதலில் சோறு, பக்கத்தில் அவரை அல்லது பயறு, மேலே காரி, ஓரத்தில் காரமாக 'ருகாய்'. இந்த ருகாய் நம் ஊறுகாய்தான் என்று சொல்பவர்கள் உண்டு, இலையில் அது உட்காரும் இடத்தைப் பார்த்தால் மறுக்கத் தோன்றவில்லை. நாக்ஸ் 1681-இல் எழுதிய விளக்கம் எழுத்துப் பிசகாமல் செல்லுபடியாகும் ஊர் அது.

கரீபியனில் சொல்லே மாறிவிட்டது. அடிமை முறை 1848-இல் ஒழிந்தபின் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேடிய பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஆட்களை ஏற்றினார்கள். 1853-இல் மார்த்தினிக்கிலும் 1854-இல் குவாதலூப்பிலும் முதல் கப்பல் கரைசேர்ந்தது. இரண்டிலும் வந்தது 'ஒரேலி' என்ற அதே கப்பல். இன்று அந்தத் தீவுகளில் கறிக்குப் பெயர் 'கொலொம்போ'. கொத்தமல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு சேர்ந்த தூளுக்கும் அதே பெயர். மாரியம்மனை அங்கே மாலியெம்மா என்கிறார்கள். கோயிலில் கிடா வெட்டியபின் வாழையிலையில் சோறு போட்டு ஆட்டுக் கொலொம்போ ஊற்றுகிறார்கள். கொழும்பு நகரத்தின் பெயர் இது என்று சிலர் எழுதுவார்கள். ஏறியவர்கள் காரைக்கால்காரர்கள். வீட்டில் அவர்கள் பேசியது குழம்பு அல்ல, கொழம்பு. பிரெஞ்சுக் காதுக்கு அது கொலொம்போ ஆக ஒரு மூச்சு போதும். பாரிஸ் சமையல்காரர்கள் இன்று பெருமையாகப் போடும் 'வாதூவான்' தூள் நம் வடகத்தின் வழித்தோன்றல் என்பதையும் இதோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

மீதி இருப்பது சென்னையில் ஆங்கிலேயர் தாமே சமைத்து, தாமே பெயரும் வைத்துக்கொண்ட ஒரு சூப். மிளகுத்தண்ணி. அதைக் குடித்தே காலம் தள்ளுகிறார்கள் என்று மதராஸ் அதிகாரிகளுக்கு மற்ற மாகாணத்து வெள்ளைக்காரர்கள் 'மல்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பம்பாய்க்காரர்கள் 'டக்', அதாவது வாத்து. கல்கத்தாக்காரர்கள் 'கோயி ஹை'. சோற்றில் ஊற்ற வைத்த ரசத்தில் கோழியைப் போட்டுக் கிண்ணத்தில் குடித்தவர்கள் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)